அவளுக்காக நடந்த முந்நூறு அடி

நடப்பதற்குச் சம்பளம் என்றால் யார் நம்புவார்கள்? அவருடைய மைத்துனனே நம்பவில்லை. "நல்ல ஆளு மாமா நீங்க, ஊர் சுத்தறதுக்குக் காசா?" என்று கேலி செய்துகொண்டிருந்தான். ஊரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஜன்னல் இல்லாத ஒரு கூடத்தைக் காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை சுற்றிச் சுற்றி வரவேண்டும். ஒரு சுற்றுக்கு நூற்றுப்பத்து அடி எடுத்துவைக்கவேண்டும். நடக்க நடக்க மின்சாரம் உண்டாக்கும் செருப்பைச் செய்கிற கம்பெனி அது. செருப்பு எத்தனை அடி தாங்கும் என்று பார்க்க ஒரு ஜோடிக் கால் வேண்டுமே, அது இவருடையது. பதினோரு வருஷத்தில் பெயரே 'நடைக்காரர்' என்றாகிவிட்டது.

வீட்டில் மனைவிக்கு முழங்கால் போய்விட்டது. பகலெல்லாம் தனியாக இருக்கிறாளே, விழுந்துவைத்தால் யாருக்குத் தெரியும் என்ற கவலை அவரை அரித்தது. சோதனைப் பிரிவு மேடத்திடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஜோடி வாங்கிவந்தார். செருப்பில் உண்டாகும் மின்சாரம் ஒரு கம்பி வழியாக இடுப்பிலுள்ள பெட்டியில் சேரும். பெட்டியின் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் அவருடைய போன் அலறும். வேறு பேட்டரி கிடையாது. முந்நூறு அடி நடந்தால் அன்றைய பொழுதுக்குப் போதும். குறைந்தால் பொத்தான் வேலை செய்யாது. "குதிகால் இடிபட்டாத்தான் கரண்டு வரும்" என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

அந்த முந்நூறு அடியே அவளுக்கு நரகம். அதனால் தினமும் கிளம்புமுன் அவரே அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, விரல்கள் வெளியே துருத்த, வீட்டுக்குள் நடந்து நிரப்பிக் கொடுப்பார். "சம்பளத்துக்கு நடக்கறது பத்தலைன்னு பொண்டாட்டிக்கும் நடக்கறீங்களா?" என்று சிரிப்பாள். சிரிக்கும்போதே கண் கலங்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவருடைய பாதத்தில் கொப்புளம் உடைந்து ரத்தம் வந்திருந்தது. அவள் பார்த்துவிட்டாள். செருப்பைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கொடும்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"அதான் சொல்றேன், கிளம்புங்க. என் முந்நூறை நான் நடந்துக்க மாட்டேனா? செத்தா போயிடுவேன்?"

"வாயைக் கழுவு!" என்று எரிந்து விழுந்துவிட்டுப் போனார். போயிருக்கக் கூடாது, பாவி மனுஷன்.

மாலையில் வந்து பார்த்தால் சுவரோரம் கிடந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது. விரல் பொத்தான்மேலேயே இருந்தது. அவள் காலருகே சுவரில் கொஞ்சம் காரை பெயர்ந்திருந்தது. அது ஏன் என்று அப்போது அவருக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து, பெட்டியைக் கொண்டுபோய், கூடத்தின் ஓரத்திலிருந்த மேடத்தின் மேஜையில் வைத்தார். எந்த அடி எத்தனை மணிக்கு விழுந்தது என்பது அதில் பதிவாகியிருக்கும். கம்ப்யூட்டரில் பார்த்த மேடம் திரையை அவர் பார்வைக்குப் படாமல் திருப்பிக்கொண்டார்.

"பரவாயில்ல மேடம், சொல்லுங்க."

"நூத்தி நாப்பது அடி நடந்திருக்காங்கண்ணா. அப்புறம்தான் விழுந்திருக்கணும். அதுக்கப்புறம் எழுபத்திரண்டு, லேசா, விட்டு விட்டு. படுத்த வாக்குல குதிகாலால எதையோ உதைச்சிருக்காங்க. கடைசி உதை பதினொன்னு பத்துக்கு."

பெயர்ந்த காரை அவர் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அன்று பதினொன்று பத்துக்கு அவர் இதே கூடத்தில் பதினைந்தாயிரம் அடியைத் தாண்டியிருந்தார். விரல்விட்டுக் கூட்டினார், கழித்தார். மறுபடியும் கழித்தார்.

"எண்பத்தெட்டுதான் குறைஞ்சிருக்கு" என்றார். "இங்க ஒரு சுத்துகூட இல்லையே மேடம்."