கண்ணுப் பல்

நடந்தவை, வரிசைப்படி:

1. இடப்பக்கம் மேல்வரிசைக் கோரைப்பல்லில் வலி. எங்கள் பக்கம் அதற்குக் கண்ணுப் பல் என்று பெயர். வேர் கண்வரை போகிறது, பிடுங்கினால் பார்வை போய்விடும் என்பார்கள்.
2. ஏரலிலிருந்து அம்மா வந்து கிராம்பு வைத்தாள். வலி நிற்கவில்லை.
3. கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டு, புகையை வாயில் பிடிக்கச் சொன்னாள். கிண்ணத்துத் தண்ணீரில் வெள்ளையாக ஏதோ விழுந்தது. பல் பூச்சி என்றாள். பூதக்கண்ணாடியில் பார்த்தேன், வெடித்த விதை.
4. அவளிடம் சொல்லாமல் பல் டாக்டரிடம் போய்ப் பிடுங்கிக்கொண்டேன்.
5. மறுநாள் காலை இடது கண் திறக்கவில்லை.

அப்போது தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலை நடந்துகொண்டிருந்தது. அதற்கான ஒரு வரைபட அலுவலகத்தில் நான் டிரேசர். கடலின் ஆழ அளவுகளை, கடுகளவு எண்களில், டிரேசிங் தாளில் மையால் எழுதவேண்டும். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் இருந்தது. கண் போனால் அதுவும் போகும்.

வீக்கம் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை நோட்டில் குறித்தும் வைத்திருந்தேன். ஆனாலும் கண்ணாடி முன் நின்றபோது பாலிடெக்னிக்கில் படித்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. இமையை விரலால் பிரித்துப் பார்த்தேன், முடியவில்லை.

அம்மா திட்டவில்லை. "ஏளா, அது கண்ணோட வேருன்னு சொன்னேம்லா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனாள். அம்மனுக்கு நேர்ந்துகொண்டு வெள்ளிக் கடைக்குப் போயிருக்கிறாள். கண்மலரோடு ஒரு வெள்ளிப் பல்லும் கேட்டாளாம். கடைக்காரர், "கண்ணு, கை, காலு இருக்கு. பல்லுக்கு ஆரும் நேருதது இல்ல ஆச்சி, புடுங்கிருதாவ" என்றாராம்.

நான் மறுபடி டாக்டரிடம் போனேன். கன்னத்து வீக்கம்தான் மேலே ஏறியிருக்கிறது, பல்லின் வேருக்கும் பார்வைக்கும் சம்பந்தமில்லை என்றார். மாத்திரை எழுதிக்கொடுத்தார், ஐஸ் வைக்கச் சொன்னார். எங்கள் தெருவில் ஐஸ் என்றால் மீன் கம்பெனி ஐஸ்தான். இரண்டு நாள் என் முகத்தில் சாளை வாடை.

மூன்றாம் நாள் காலை இமை நூலளவு விலகியது. மத்தியானம் பாதி திறந்தது. கண் தெரிகிறது என்று நான் சொன்னதை அம்மா நம்பவில்லை. தன் ஊசியையும் கறுப்பு நூலையும் எடுத்துவந்து, என் வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினாள்.

"கோரு பாப்போம்."

முதல் தடவையிலேயே நூல் நுழைந்தது. அம்மா ஊசியை வாங்கித் தூக்கிப் பார்த்தாள். அவளுக்கு நூல் தெரியவில்லை. தடவிப் பார்த்துத்தான் நம்பினாள். பிறகு அடுப்படிக்குப் போய் உலை வைத்தாள். எனக்கும் அப்போதுதான் பசித்தது.

வெள்ளிக் கண்தான் காப்பாற்றியது என்று அவள் எல்லோரிடமும் சொன்னாள்.

இப்போதைய நிலை: பல் இல்லை. கண் தெரிகிறது. வேலை நிரந்தரமாகிவிட்டது. கண்மலர் கோவில் உண்டியலில் இருக்கிறது.