சேனை வைக்க வந்தவர்

கர்ப்பமாக இருந்தபோது எனக்குச் சர்க்கரை வந்தது. அன்றே என் மாமனார் தன்னைத் தானே என் தட்டுக்குக் காவலாக நியமித்துக்கொண்டார். அவரும் சர்க்கரைக்காரர்தான், ஆனால் சட்டமெல்லாம் எனக்கு மட்டும். கோவிலம்பாக்கம் வீட்டில் நான் ஒரு மாம்பழத் துண்டைத் தொட்டால் போதும், ஹாலில் பேப்பர் படிப்பவருக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

அதே மனிதர், குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் மகன் பிறந்த அன்று காலை, டம்ளர் நிறையச் சர்க்கரைத் தண்ணீரும் வெள்ளிச் சங்குமாக வந்து நின்றார். சேனை வைக்கவாம். பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பை யார் வைக்கிறாரோ அவர் குணம்தான் அதற்கு வரும் என்பார்கள். இன்னொரு மாமனாரா என்று எனக்குக் கிலி பிடித்தது.

நர்ஸ் காப்பாற்றினார். "இன்னா சார் இது? பச்சக் கொயந்தைக்கு சக்கரத் தண்ணியா? எட்த்துகினு வெளிய போ சார்!" வார்டே திரும்பிப் பார்த்தது. மாமனார் டம்ளரையும் சங்கையும் ஸ்டூலுக்கடியில் தள்ளிவிட்டு அங்கேயே நின்றார்.

கொஞ்ச நேரத்தில் அதே நர்ஸ் வந்து குழந்தையின் குதிகாலில் குத்தி ரத்தம் பார்த்தார். சர்க்கரை மிகவும் குறைவு. வயிற்றுக்குள் என் சர்க்கரைக்கு ஈடுகொடுத்துப் பழகிய உடம்பு, வெளியே வந்த பிறகும் அதே வேகத்தில் கரைத்துத் தள்ளுகிறது என்றார் டாக்டர். கன்னத்துக்குள் ஜெல் தடவி, பால் கொடுத்து, மறுபடி பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் ஐசியூவில் ட்ரிப்ஸ். அவனுடைய சின்னக் கை நடுங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நர்ஸ் ஜெல்லை விரலில் எடுத்தார்.

"அது என்ன சிஸ்டர்?" என்றார் மாமனார்.

"குளுக்கோஸ் சார்."

"சர்க்கரைதானே? அப்ப நான்தான் வைப்பேன். நீங்க வெச்சா உங்க குணம் வந்துடும்."

"என் கொணத்துக்கு இன்னா கொறச்சல்?"

நர்ஸ் தன் பாட்டுக்குத் தடவினார். மாமனார் சட்டென்று நர்ஸின் முழங்கையை ஒரு விரலால் தொட்டுக்கொண்டார். அந்த வழியாகக் குணம் இறங்கும் என்று கணக்கு.

நான் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மாமனாருக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. பேரன் மேல் உள்ள பயம் என்றுதான் நினைத்தேன். சற்று நேரத்தில் ட்ரிப்ஸ் கம்பியைப் பார்த்து, "உக்காருங்க சார்" என்றார். நான் கத்தினேன். ஓடிவந்த நர்ஸ் அவர் விரலிலும் குத்தினார். அவருக்கும் சர்க்கரை தரையில் கிடந்தது. சேனை வைக்கும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது என்று விரதமாம். சர்க்கரை மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டிருக்கிறார்.

நர்ஸ் அவருடைய டம்ளரையே எடுத்து, அவருடைய சங்காலேயே அவர் வாயில் ஊட்டினார். "முயுங்கு சார், முயுங்கு!"

சமர்த்தாக விழுங்கினார். தெளிவு வந்ததும், "எனக்கு எவ்வளவு இருந்தா என்ன சிஸ்டர், அவனுக்குப் பாருங்க" என்றார். மீசையெல்லாம் சர்க்கரைத் தண்ணீர். அத்தனை மாதக் கோபமும் எனக்கு அந்த நிமிஷம் போய்விட்டது.

நர்ஸ் மறுபடி குதிகாலில் குத்தி, மெஷினைப் பார்த்தார். "ஏறிடுச்சு. ஐசியூ வேணாம்."

மாமனார் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதார். பிறகு, "உங்க குணமே வரட்டும் சிஸ்டர்" என்றார்.

"மொதல்ல போய் இட்லி துன்னு சார்" என்று கத்தினார் நர்ஸ். மாமனார் எழுந்து கேன்டீனுக்குப் போனார்.