கிராணி வீட்டு முன்னால் இறங்கியவர்கள்

உட்ரெக்ட் நகரத்துச் சைக்கிள் பாதையில் நான் விழுந்தது அங்கே போன நான்காம் நாள் காலை. தடுக்கி விழவில்லை, நானாக இறங்கினேன். தொழிற்சாலை வாசலில் எங்கள் பயிற்சிப் பிரிவுத் தலைவர் காப்பிக் குவளையோடு நின்றுகொண்டிருந்தார். அவரைக் கண்டதும் என் கால் தானாகத் தரையைத் தேடியது. பின்னால் வேகமாக வந்த பெண் என்மேல் மோத, இருவரும் உருண்டோம். எழுந்து அவள் பேசியதில் ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. திட்டு என்பது மட்டும் புரிந்தது. தலைவர் ஓடிவந்து தூக்கிவிட்டு, நடுப்பாதையில் ஏன் இறங்கினீர்கள் என்று கேட்டார். நான் பிரேக் மேல் பழியைப் போட்டேன்.

நாற்பத்தெட்டு வயதில் ஆறு மாதப் பயிற்சிக்கு என்று ஈப்போவிலிருந்து அனுப்பப்பட்டவள் நான். பதின்மூன்று மணி நேரம் பறந்து, வீங்கிய காலோடு இறங்கியவளிடம் ஒரு சைக்கிளைக் கொடுத்து, இதில்தான் வேலைக்கு வர வேண்டும் என்றார்கள். சைக்கிளைத் தொட்டு முப்பது வருடம் ஆகியிருந்தது. வலப்பக்கம் ஓட்ட வேண்டும், பின்னால் மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். அதையெல்லாம் இரண்டே நாளில் பழகிவிட்டேன். பெரிய ஆளைக் கண்டால் இறங்குகிற இந்தப் பழக்கத்தைத்தான் விட முடியவில்லை. அதை எனக்குள் போட்டவர் எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா.

செமோர் பக்கத்து ரப்பர்த் தோட்டம் அது. ஆபீஸ் கணக்கு முழுக்கக் கிராணி கையில் இருந்தது. அவர் வெள்ளைக்காரர் அல்ல, எங்களைப் போலத் தமிழர்தான். எனக்கு அதிலேதான் ஆத்திரம் கூடுதல். எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்குப் போகிற ஒரே சாலை அவர் வீட்டு முன்னால் போனது. செம்பருத்தி வேலி ஆரம்பிக்கும் இடத்தில் எல்லோரும் சைக்கிளை விட்டு இறங்கி, வேலி முடியும் வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். அவர் வாசல் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார், தலையைக்கூடத் தூக்க மாட்டார். அவர் வீட்டில் இல்லாதபோதும் இறங்கினார்கள். "எறங்குமா, ஐயா இருக்காங்க" என்பார் அப்பா, காலியான நாற்காலியைப் பார்த்துக்கொண்டே.

பத்து வயதில் ஒருநாள் கடையிலிருந்து ரொட்டி வாங்கிக்கொண்டு கிராணி வீட்டுச் சாலையின் இறக்கத்தில் வந்தேன். கிராணி இருந்தார். பிரேக் நன்றாகவே இருந்தது, எனக்குத்தான் இறங்கப் பிடிக்கவில்லை. போதாதற்கு மணியையும் அடித்துவிட்டுப் போனேன்.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், அத்தனை பேர் முன்னால் அப்பாவைக் கூப்பிட்டார். "மகளுக்கு ஓட்டக் கத்துக் குடுத்தியே, எறங்கக் கத்துக் குடுக்கலையா? இன்னும் ஒரு மாசம் நீ சைக்கிள்ல ஏறக் கூடாது. தள்ளிக்கிட்டே போ." ஓரமாக நின்ற என் கண் முன்னாலேயே அப்பா சரி என்று தலையாட்டினார். அந்த மாதம் முழுக்க, ரப்பர்ப் பால் வாளிகள் இரண்டையும் சைக்கிளில் கட்டி, மேட்டிலும் சேற்றிலும் தள்ளிக்கொண்டே பால் நிறுக்கும் ஸ்டோருக்குப் போனார். பள்ளி விடுமுறை நாளில் நானும் கூடப் போனேன். இருபுறமும் மரங்கள், ஒரு ஈ காக்கை இல்லை.

"இங்க யாருப்பா பாக்குறா? ஏறுங்கப்பா."

"ஐயா கேட்டாங்கன்னா பொய் சொல்லணும்லா. பேசாம வா."

எனக்கு அழுகை வந்தது. செய்தது நான், தள்ளியது அவர். கிராணியை அன்றைக்கு வெறுத்தேன், இன்றைக்கும் வெறுக்கிறேன். வயதானவர், காலம் அப்படி என்று சமாதானம் சொல்பவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை. அப்பாமேலும் கோபம்தான். யாருமே இல்லாத காட்டிலாவது அவர் ஏறியிருக்கலாம்.

உட்ரெக்டில் அந்தத் தலைவரைத் தாண்டிப் போக எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. தூரத்தில் அவர் தலை தெரிந்தாலே கால் துடிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பேன், கடைசி நேரத்தில் வேறு சந்தில் திரும்பிவிடுவேன். ஒருநாள் நேராகவே போனேன். அவர் கையை ஆட்டி வணக்கம் சொன்னார், அவ்வளவுதான். இதற்கா இத்தனை வருடம் என்று எரிச்சல் வந்தது. அன்று மாலையே தம்பி வீட்டில் இருந்த அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, எங்க பெரியவரு முன்னாலயே எறங்காம ஓட்டிக்கிட்டுப் போனேன்."

"ஒன்னும் சொல்லலையா? பாத்துமா, வேலை போயிடப் போவுது."

அப்போதே முடிவு செய்தேன். ஊருக்குப் போனதும், அந்தக் கிராணி முன்னால் அப்பாவை ஒரு தடவையாவது எழவிடாமல் உட்கார வைத்துவிட வேண்டும்.

நான் ஊர் திரும்பியபின், போன மாதம் ஈப்போவில் ஒரு கல்யாணம். தோட்டத்து ஆட்கள் பாதிப் பேர் வந்திருந்தார்கள். நானும் அப்பாவும் பந்தி மேசையில் இருந்தபோது கிராணி கைத்தடியோடு மண்டபத்துக்குள் வந்தார். வரிசையாக ஆட்கள் எழ, நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. அப்பா இரண்டு கையையும் மேசையில் ஊன்றினார். நான் அவர் தோளைப் பிடித்து அழுத்தினேன்.

"ஒக்காருங்கப்பா."

"விடுமா, ஐயா வாராங்க."

"வந்தா வரட்டும். ஒக்காருங்கன்னு சொல்றேன்ல!"

பக்கத்து மேசையில் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் அவ்வளவு சத்தமாக வந்திருந்தது. அப்பா அசையாமல் உட்கார்ந்துவிட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பெரட்டில் நிற்கும்போது இருந்த அதே கண். இப்போது அது பயந்தது என்னைப் பார்த்து.

கையை எடுத்துவிட்டேன். அப்பா எழப் பார்த்தார், முட்டி ஒத்துழைக்கவில்லை. மறுபடி ஊன்றினார், முடியவில்லை. கிராணி நெருங்கிக்கொண்டிருந்தார். வேறு வழி தெரியாமல் நான் எழுந்து, அப்பாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினேன். கிராணி எங்கள் மேசையைக் கடக்கும்போது, நின்றுகொண்டிருந்த எங்கள் இருவரையும் பார்த்து, திருப்தியாகத் தலையசைத்துவிட்டுப் போனார்.