அரைமணியின் வயிற்றில் ஒரு வளையம்

எங்கள் தெரு பிளம்பரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அரைமணி என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் குழாயை இணைத்தாலும் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, தண்ணீரைத் திறந்துவிட்டு, அரைமணி நேரம் அதையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தாளில் ஒரு சொட்டுகூட விழவில்லை என்றால்தான் எழுந்திருப்பார். செய்தித்தாளை அவ்வளவு கவனமாகப் பார்க்கிறவர் எங்கள் தெருவில் அவர் ஒருவர்தான்.

அவருடைய பெருங்குடலில் கட்டி வந்தது. கட்டி இருக்கும் துண்டை வெட்டி எடுத்துவிட்டு மிச்ச இரண்டு முனைகளையும் சேர்க்கப் போவதாகப் பெண் மருத்துவர் படம் வரைந்து காட்டினார்.

"எத்தனை தையல்ங்க?"

"குடலைச் சேர்க்கறதுக்குத் தையலே கிடையாது. வளையம் வெச்சு ரெண்டு முனையையும் அழுத்திப் பிடிச்சுடுவோம்."

அரைமணிக்கு முகம் தெளிந்தது. வளையம் வைத்து இறுக்குவது அவருக்குத் தெரிந்த சங்கதி.

"பத்து நாள் வாக்குல சதை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். வளையம் தானா கழண்டு, வெளிக்குப் போறப்ப வந்துடும்."

தெளிந்த முகம் வெளிறிப்போனது. முப்பது வருடத் தொழிலில் வளையம் கழன்ற வீடுகளை அவர் பார்த்திருக்கிறார். மாடியில் கழன்றால் கீழ்வீட்டு மெத்தை மிதக்கும்.

"ஒழுகினா?"

மருத்துவர் மழுப்பவில்லை. "ஒழுகினா உயிருக்கே ஆபத்து. உடனே மறுபடி வயித்தைத் திறக்கணும். பெரும்பாலும் ஒழுகாது."

பெரும்பாலும் என்பதை அவரும் எத்தனையோ வீடுகளில் சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

அறுவைசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பயம் மட்டும் வெட்டுப்படாமல் உள்ளேயே இருந்தது. பசை போட்ட இணைப்பு காயும்வரை மேல் வால்வைத் திறக்கக் கூடாது என்பது அவர் தொழிலின் சட்டம். மேல் வால்வு என்றால் இங்கே வாய். மூன்றாம் நாள் சூப் குடிக்கச் சொன்னார்கள். மனைவி அந்தப்பக்கம் போனதும், சலைன் பாட்டில் தொங்கும் கம்பியைத் தள்ளிக்கொண்டு போய் வாஷ்பேசினில் ஊற்றினார். நான்காம் நாளும் அதே கதைதான். ஐந்தாம் நாள் வாஷ்பேசினில் தண்ணீர் தேங்கி நின்றது. மனைவி விரலை விட்டுப் பார்த்தார். கேரட் துண்டுகள்.

"ஊரெல்லாம் அடைப்பு எடுத்த மனுஷன், ஆஸ்பத்திரியில வந்து அடைச்சு வெச்சிருக்கீங்களே."

"சத்தம் போடாத. புது ஜாயின்ட். இப்பவே லைன்ல விட்டா பிரிஞ்சுடும். செத்துடுவேனோன்னு பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் கொண்டாட்டமாவா இருக்கு? நீங்க இருமினா எனக்கு வயித்தைப் பிடிக்குது."

விஷயம் மருத்துவர் காதுக்குப் போனது. "இது பிளாஸ்டிக் குழாய் இல்லைங்க, சதை. சாப்பிடலேன்னா அது எதை வெச்சு ஒட்டும்?"

அன்றைக்குக் குடித்த சூப்பின் ஒவ்வொரு வாயும் எந்த வளைவில் திரும்புகிறது என்று கண்ணை மூடிக் கணக்குப் போட்டுக்கொண்டே விழுங்கினார்.

வீட்டுக்கு வந்தார். எட்டாம் நாள் வளையம் வரவில்லை. ஒன்பதும் பத்தும் அப்படியே போயின. கழிப்பறைக்குப் போகும்போதெல்லாம் மனைவி கதவுக்கு வெளியே காவல் நின்றார். லேசாக வயிறு இரைந்தால்கூட இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பதினோராம் நாள் காலை, அவர் கையாலேயே பொருத்திய கழிப்பறைப் பீங்கானில் டங்கென்று ஒரு சத்தம்.

"வந்துடுச்சாங்க?"

"வந்துடுச்சு."

"அப்பாடா. சரி, வெளிய வாங்க."

உள்ளே அசைவே இல்லை. மனைவி கதவைத் தட்டினார். "என்னங்க, வலிக்குதா? டாக்டருக்குப் போன் போடவா?"

"வலியெல்லாம் இல்ல. இப்பதானே ஜாயின்ட் வளையம் இல்லாம தனியா நிக்குது. இரு. அரைமணி பாத்துட்டு வரேன்."

மனைவி சமையலறைக் கடிகாரத்தை எட்டிப் பார்த்தார். எட்டு பத்து. பிறகு அவரும் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார்.