கேட்டதுபோல் தலையாட்டினேன்

காது மந்தமானதை நான் யாரிடமும் சொல்லவில்லை. செஞ்சிக் கடைத்தெருவில் முப்பது வருடம் ஜவுளிக்கடை நடத்தியவன் நான். வந்தவர் வாய் திறக்குமுன்பே என்ன துணி வேண்டுமென்று எடுத்துப் போட்டவன். அப்படிப்பட்டவன் "இன்னா சொன்ன?" என்று ஒவ்வொருவரிடமும் இரண்டாம் முறை கேட்பதா? பல் கட்டிக்கொண்டபோது எனக்கு வெட்கமில்லை. காதில் மெஷின் வைத்தால் மட்டும் ஊரே என்னைக் கிழவன் என்று முடிவு கட்டிவிடும் என்று பட்டது. அதனால் பேசுகிறவர் சிரித்தால் சிரிப்பேன், நிறுத்தினால் தலையாட்டுவேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாகவே நம்பினேன்.

ஓயாமல் பேசும் என் மனைவி பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தாள். வயதானால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

போன அமாவாசைக்கு இருவரும் மேல்மலையனூர் புறப்பட்டோம். பஸ் நிலையத்தில் அவள் ஏதோ சொன்னாள். தலையாட்டினேன். ஸ்பெஷல் பஸ் வந்ததும் கூட்டத்தோடு பின்வாசலில் ஏறினேன். அவள் முன்வாசலில் ஏறியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். கோயிலருகே இறங்கிப் பார்த்தால் ஆளைக் காணோம். சட்டைப்பையிலிருந்த செல்போனில் பதினோரு முறை கூப்பிட்டிருந்தாள். ஒன்றுகூட எனக்குக் கேட்கவில்லை. திருப்பிக் கூப்பிட்டேன். அவள் பேசியது எதுவும் புரியவில்லை. "அங்கயே இரு" என்று மட்டும் கத்திவிட்டு, சாமி கும்பிடாமலே அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். வழியெல்லாம் பயம்.

மடியில் பூப்பையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"பூ வாங்கினு வரேன், ஏறாதீங்கன்னு சொன்னேனே!" என் காதருகே வந்து கத்தினாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்குக் காது கேக்கல," என்றேன். முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

"தெரியும். ரெண்டு வருஷமா தெரியும். எதச் சொன்னாலும் மண்டைய ஆட்டினா நான் யார்கிட்ட பேசறது? அதான் சொல்றதையே உட்டுட்டேன்."

அவள் பக்கம் காதைத் திருப்பினேன். "இப்ப சொல்லு. கத்தியே சொல்லு. யாரு பாத்தா இன்னா?"

அவள் மறுபடி என் காதருகே வந்தாள்.

"எடது கண்ணு மங்கலா இருக்குது, டாக்டர்கிட்ட இட்டுனு போறீங்களான்னு பொங்கலப்பவே கேட்டேன்," என்றாள். "தலைய ஆட்டினீங்க. இட்டுனு போவீங்கன்னு இத்தினி மாசமா கெளம்பியே இருக்கேன்."