அவளை இங்கே கூட்டிவந்தேன்

பெங்களூரை விட்டு வந்து எட்டு வருஷமாகிறது. போவோம் என்று சொன்னது நான்தான். யாரும் எங்களைத் துரத்தவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் கேட்கிறவர்களிடம் நான் வேறு வேறு காரணங்கள் சொல்லி வைத்திருக்கிறேன்.

நான் பிறந்தது திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளிக் கிடக்கிற ஒரு ஊர். ஐ.டி.ஐ. முடித்த கையோடு இருபத்தோரு வயதில் பெங்களூருக்கு லேத் ஓட்டப் போனேன். ஒரே தொழிற்பேட்டையில் மூன்று கம்பெனி மாறி முப்பது வருஷம் ஓட்டினேன். என் மனைவி கோலார் தங்கவயலில் பிறந்தவள். அவளுடைய அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் அவர்கள் அங்கே போய் மூன்று தலைமுறை ஆகிவிட்டது. எங்கள் ஊருக்கு அவள் வந்ததெல்லாம் கல்யாணம், சாவு, பொங்கல் என்று இரண்டு நாள், மூன்று நாள்.

பெங்களூரில் எங்களுக்கு ஷீட் போட்ட இரண்டு அறை வீடு. இரண்டு தெரு தள்ளி ஒரு சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அவள் வேலை பார்த்தாள். ஆயாவாகத்தான் சேர்ந்தாள். போகப் போக, புதிதாகச் சேர்ந்து அழுகிற பிள்ளைகளை அவளிடம்தான் கொடுப்பார்கள். கன்னடம், தெலுங்கு, உருது, தமிழ் என்று எந்தப் பிள்ளை எதில் அழுகிறதோ அதில் சமாதானம் சொல்லுவாள். பத்தொன்பது வருஷம். கடைத்தெருவுக்குப் போனால் மீசை முளைத்த பையன்கள் வண்டியை நிறுத்திவிட்டு வந்து அவளிடம் பேசுவார்கள். நான் பையைப் பிடித்துக்கொண்டு தள்ளி நிற்பேன். எனக்குக் கன்னடம் பஸ்ஸில் டிக்கெட் எடுக்கிற அளவுதான்.

கம்பெனியை மூடியபோது எனக்கு ஐம்பத்தொன்று. அந்த வாரமே ஊரிலிருந்து அண்ணன் போன் செய்தார். "ஒன் பங்கு நெலம் சும்மாதானடா கெடக்கு. வந்து ஒரு வீட்டப் போட்டுக்கிட்டு இரு. எதுக்கு அங்கன கெடந்து சீரழியிற?"

அந்தச் சொல் எனக்கு வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் தரையில் உட்கார்ந்து ஊறவைத்த அவரைக் கொட்டையைப் பிதுக்கித் தோலெடுத்துக்கொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"எத்தினி நாளைக்கு?" என்றாள்.

"என்ன எத்தன நாளைக்கு? இனிமே அங்கதான்."

அவள் பிதுக்குவதை நிறுத்தவில்லை. "பொண்ணு?" என்றாள்.

மகள் அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தாள். ஹாஸ்டலில் இருக்கட்டும் என்றேன். "செரி" என்றாள். அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. 'எம் பொண்டாட்டி ஒரு வார்த்தை எதுத்துப் பேசலய்யா' என்று கம்பெனி நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வைகாசியில் வந்து இறங்கினோம். வீடு ஊரின் கடைசியில், காட்டைப் பார்த்து இருக்கிறது. காடு என்றால் சீமைக்கருவேலம். போர் போட்டதில் வந்த தண்ணீர் உப்பு. குளித்தால் சோப்பு நுரைக்காது. மூன்று மாதத்தில் அவளுக்குத் தலைமுடி கையோடு வர ஆரம்பித்தது. சீப்பில் சுற்றிய முடியை எடுத்து உருட்டி வெளியே போடுவாள்.

ஊரில் யாரும் அவளுக்குக் கெடுதல் செய்யவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். என் மதினி, அண்ணன் மனைவி, முதல் வருஷம் முழுக்கக் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் கொடுத்துவிடுவாள். ஆனால் என் மனைவி வாயைத் திறந்தால் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. ரேஷன் கடையில் ஒருநாள், "எனக்கு சக்கரை மட்டும் ஓணும்" என்று, வேணும் என்பதைத் தன் ஊர்ப் பேச்சில் சொல்லிவிட்டாள். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அதிலிருந்து அவளைக் கண்டால் சின்னப் பிள்ளைகள், "ஓணுமா? ஓணுமா?" என்று கேட்டுவிட்டு ஓடும்.

"வெளையாட்டுக்குச் சொல்லுதுகத்தா, மனசுல வச்சுக்கிறாத" என்றாள் மதினி.

"இல்லக்கா" என்றாள் இவள். அதன் பிறகு கடைக்குப் போனால் வேண்டியதை விரலால் காட்டினாள்.

பிள்ளைகள் என்றால் அவளுக்கு உயிர் என்பதால் நான்தான் அங்கன்வாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சம்பளம் வேண்டாம், சும்மா வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள் என்று சொன்னேன். அங்கிருந்த டீச்சர் நல்ல மாதிரி. "வந்து உக்காருங்கம்மா, வேணாங்கல. ஆனா புள்ளையளத் தூக்காதீக. நாளைக்கு ஒண்ணுன்னா மேல இருந்து என்னையத்தான் கேப்பாக" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். இவள் பாயின் ஓரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு பிள்ளை தவழ்ந்து வந்து இவள் சேலையைப் பிடித்தது. அதன் கையை மெதுவாக எடுத்து விட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள். மறுநாள் போகவில்லை.

நிலம் என்னையும் சும்மா விடவில்லை. முதல் வருஷம் பருத்தி போட்டேன், மழை ஏமாற்றிவிட்டது. அடுத்த வருஷம் மிளகாய் பழுத்த நேரத்தில் மழை விடாமல் பெய்து அழுகிவிட்டது. இருபத்தோரு வயதில் ஓடிப்போனவனுக்கு லேத்தில் ஒரு நூல் பிசகாமல் கடையத் தெரியும், மண்ணில் ஒரு சாண்கூடத் தெரியாது. நாலாம் வருஷம் விதைக்கவே இல்லை. கருவேலம் தானாக வந்து நிலத்தை எடுத்துக்கொண்டது. நான் அருப்புக்கோட்டையில் ஒரு கிரில் பட்டறையில் வெல்டிங் வேலைக்குச் சேர்ந்தேன். காலை பஸ்ஸில் போனால் இருட்டுகிற நேரத்துக்குத் திரும்புவேன். அவள் பகல் முழுக்கத் தனியாக இருந்தாள். வேலை, கூட்டாளிகள், டீக்கடை என்று எனக்கு மறுபடியும் ஒரு உலகம் கிடைத்துவிட்டதை நான் கவனிக்கவில்லை. அவள் கவனித்திருப்பாள்.

இடையில் ஒரு தடவை நம்பிக்கை வந்தது. தீபாவளிக்கு அருப்புக்கோட்டையில் ஜவுளிக்கடைக்குப் போயிருந்தோம். எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மா போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். இவள் சட்டென்று திரும்பினாள். அருப்புக்கோட்டையில் நெசவுக்காரர்கள் வீட்டுக்குள் கன்னடம் பேசுவார்கள் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். மூன்று வருஷமாக அதை இவளிடம் சொல்லத் தோன்றவில்லை. அந்த அம்மா போனை வைத்ததும் இவள் போய், "ஊட்டா ஆய்தா?" என்று கேட்டாள். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். அந்த அம்மா அசந்துபோய்விட்டார். இருவரும் துணியை விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார்கள். இவள் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். அப்படிப் பேசி நான் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது.

வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். அடுத்த வாரமே போனோம். நல்ல சேலையாக எடுத்துக் கட்டியிருந்தாள். தெரு முழுக்கத் தறிச் சத்தம். காபி கொடுத்தார்கள், முறுக்கு வைத்தார்கள். ஆனால் அவர்களுடைய கன்னடம் எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்தது. இவளுடையது பெங்களூர்த் தெருவில் பழகியது. பத்து நிமிஷத்துக்கு மேல் ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருப்பித் திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது. "இவுக பேசுறது டி.வி.ல வாரது மாதிரி இருக்குத்தே" என்று அந்த வீட்டு மருமகள் மாமியாரிடம் சொல்லிச் சிரித்தாள். கேலியில்லை, சும்மா சொன்னாள். பிறகு விருந்தாளிக்குச் சிரமம் வேண்டாம் என்று அந்த அம்மா தமிழுக்கு மாறிவிட்டார். எங்கள் ஊர்த் தமிழ். இவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்புகிற பஸ்ஸில், "அடுத்த வாரமும் போவமா?" என்று கேட்டேன்.

"ஓணாம்" என்றாள். பஸ் திருச்சுழிக்கு வந்துவிட்டது. இறங்கும்போது, "அவங்களுக்கு இது ஊரு" என்று மட்டும் சொன்னாள்.

ஆறாம் வருஷம், ஒரு நாள் மத்தியானம் பட்டறையில் இருந்தபோது மதினி போன் செய்தாள். "கொழுந்தனாரே, வீடு பூட்டிக் கெடக்கு. அவ ஒங்ககூட வந்தாளா?"

வரவில்லை. அவள் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். கிணறு, தண்டவாளம் என்று மனசு எங்கெல்லாமோ போனது. முதலாளியின் வண்டியை வாங்கிக்கொண்டு கோயில், ஆஸ்பத்திரி என்று தேடிவிட்டுக் கடைசியில் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கே ஒரு தூணுக்குப் பக்கத்தில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கையில் மணிபர்ஸ் மட்டும் இருந்தது. துணிப் பை எதுவும் இல்லை.

"எங்க போகப் பாத்த?"

"எங்கியும் இல்ல."

"பெறகு?"

"இங்க ஜனம் போவுது, வருது. பாத்துக்கினு இருந்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்திருக்கலாம்ல?"

"சொன்னா நீங்களும் கூட வருவீங்க" என்றாள்.

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். காலையிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறாள். முன்பும் பலமுறை வந்திருக்கிறாள் என்று பிறகு பஸ் ஸ்டாண்டுப் பழக்கடைக்காரர் சொல்லித் தெரிந்தது. நான் வேலை பார்த்த பட்டறை அங்கிருந்து நடக்கிற தூரம்.

அந்த மாதமே, திரும்பிப் போய்விடுவோம் என்று முடிவெடுத்தேன். இந்தத் தடவையும் நான்தான் முடிவெடுத்தேன். மகளுக்கு அதற்குள் கல்யாணமாகியிருந்தது. பெங்களூரிலேயே மாமனார் மாமியாரோடு சின்ன வீடு. முன்னறையில் எங்களுக்குப் படுக்கை போட்டுக் கொடுத்தாள். காலையில் எல்லோரும் எழுந்திருப்பதற்கு முன்னால் இவள் பாயைச் சுருட்டிவிட்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் பால்கனியில் நிற்பாள்.

எங்கள் பழைய தெருவுக்குப் போனோம். நாங்கள் இருந்த வீட்டை இடித்துவிட்டு நாலு மாடி கட்டியிருந்தார்கள். பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் உடற்பயிற்சிக் கூடம் வந்திருந்தது. கண்ணாடிக்குள் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். முன்பு பக்கத்து வீட்டில் இவளுக்கு உருது பேசுகிற ஒரு சிநேகிதி இருந்தாள். மகனோடு தும்கூருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். மளிகைக்கடைப் பக்கம் பழைய டீச்சர் ஒருத்தி எதிரே வந்தாள். கட்டிப்பிடித்து அழுதாள். இருவரும் அழுதார்கள். பிறகு அந்த டீச்சர், அடுப்பில் அரிசி வைத்துவிட்டு வந்திருப்பதாகச் சொல்லி, இன்னொரு நாள் கட்டாயம் வரச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எல்லாமே பத்து நிமிஷம்.

நான் வேலை கேட்டு நாலு கம்பெனி ஏறி இறங்கினேன். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் மெஷின். ஐம்பத்தேழு வயது என்றதும் செக்யூரிட்டி வேலைக்குக்கூட யோசித்தார்கள். வீட்டு வாடகையைக் கேட்டுவிட்டு மேலே கேட்கவில்லை.

நாலாம் நாள் பால்கனியில் நின்றுகொண்டு அவளே சொன்னாள். "போலாம்."

"இன்னும் ரெண்டு எடத்துல கேட்டுப் பாக்கிறேன்."

"ஓணாங்க. இங்க என்னா இருக்குது?"

"அப்ப எங்க போக?"

"அங்கியே போலாம். வேற எங்க?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன். அலுப்பில் தூங்கியிருக்கிறாள், அவ்வளவுதான். அதுவரை அவளுக்கு ஒரு ஊர் மனசுக்குள்ளாவது இருந்தது. நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டி அதையும் இல்லாமல் செய்துவிட்டேன்.

இப்போது அவள் பஸ் ஸ்டாண்டுக்கும் போவதில்லை. காலையில் சமைக்கிறாள், எனக்கு டப்பா கட்டிக் கொடுக்கிறாள், பின்வாசல் கல்லில் உட்கார்ந்துகொள்கிறாள். வேலை முடிந்து வந்தால் அதே கல்லில் இருக்கிறாள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனசுக்கு என்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சாப்பிட்டால் பகலெல்லாம் தூக்கம் வருகிறது என்று விட்டுவிட்டாள். மதினி வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, தானே பேசிவிட்டுப் போவாள். "ஒரு வார்த்த பேச மாட்டேங்கிறாளே" என்று என்னிடம் ஆற்றாமையோடு சொன்னாள். என் மனைவியின் தமிழ் இப்போது எங்கள் தமிழ் மாதிரியே ஆகிவிட்டது என்பதைப் போன வருஷம்தான் கவனித்தேன். பால்காரரிடம், "இன்னைக்கு வேணாம்ணே" என்று சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

இந்தப் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கரண்ட் இல்லை. புழுக்கம் தாங்காமல் இருவரும் பின்வாசலில் உட்கார்ந்திருந்தோம். எட்டு வருஷமாகச் சொல்லாததை அன்றைக்குச் சொன்னேன்.

"நான் ஒன்னைய இங்க கூட்டியாந்திருக்கக் கூடாது. தப்புப் பண்ணிட்டேன்."

அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் ஆச்சரியமும் இல்லை, வருத்தமும் இல்லை.

"இப்பச் சொல்லி என்ன செய்ய?" என்றாள்.

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. எனக்குப் பதில் தெரிந்திருக்கலாம் என்று நினைத்ததுபோல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன். பிறகு, துணி காய்ந்திருக்கும் என்று சொல்லி எழுந்து போனாள்.