வெளிச்சம் தள்ளுமா?

அந்தக் கோடையில் எங்கள் வீட்டு மின்விசிறி ஓடாமல் கிடந்ததற்குக் காரணம் மின்வெட்டு அல்ல, என் அக்கா.

புதுச்சத்திரத்தை ஒட்டி எங்களுக்குக் கோழிப்பண்ணை. கல்லூரியில் இயற்பியல் முடித்திருந்த அக்கா, கோயமுத்தூருக்குப் போய் மேலே படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். படித்தவரை போதும் என்றார் அப்பா. ஒருநாள் சாப்பிடும்போது, வெளிச்சம் தான் படும் பொருளைத் தள்ளும் என்று அவள் சொல்லிவைக்க, அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பல்பு போட்டா கோழி முட்ட வெக்கும், தெரியும். வெளிச்சம் தள்ளுமாக்கும்? எங்க, தள்ளிக் காட்டு சாமி. மேல படிக்க வெக்கறேன்.”

அவ்வளவுதான். கண்ணாடி ஜாடி ஒன்றை மேசைமேல் கவிழ்த்து, அதற்குள் தன் தலைமுடி ஒன்றில் சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளைக் கட்டித் தொங்கவிட்டாள். டார்ச் பிடிக்கும் வேலை, ஆறாம் வகுப்புப் படித்த தங்கையான எனக்கு. விசிறி ஓடக்கூடாது, சன்னல் திறக்கக்கூடாது, தும்மக்கூடாது. மூன்று நாள் பிடித்தேன். தாள் இம்மியும் அசையவில்லை. என் முதுகில் வியர்க்குருதான் பூத்தது.

“கோழிக்கே கொட்டாயில பேன் ஓடுது, எம்புள்ளைக்கு இல்ல” என்று அம்மா முணுமுணுத்தாள்.

நான்காம் நாள் மதியம் அப்பாவே வந்து எதிரில் உட்கார்ந்தார். எனக்குப் பொறுமை அற்றுப்போயிற்று. ஜாடியின் விளிம்பை விரலால் லேசாகத் தூக்கி ஊதினேன். தாள் விறுவிறுவென்று சுற்றியது.

“அட, தள்ளுதே!” அப்பா எழுந்தேவிட்டார்.

அக்கா தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இல்லீங்கப்பா. இது காத்து. வெளிச்சம் இத்தன வேகமாத் தள்ளாதுங்க.”

அவளை அறையலாம் போலிருந்தது எனக்கு. கைக்கு வந்த கோயமுத்தூரைத் தட்டிவிடுகிறாளே!

“அப்ப எத்தனதான் தள்ளும்?” என்றார் அப்பா.

“நம்ம கோழிக் கொட்டாய் மேல அடிக்கற உச்சி வெயிலு முச்சூடும் சேந்து தள்ளுனாலும் நாலஞ்சு அரிசி எடைதானுங்க தேறும். டார்ச்சுல காட்டிரலாம்னு நெனச்சது என் தப்புங்க.”

அப்பா விசிறியைப் போட்டுவிட்டு வெளியே போனார். மறுநாள் காலையில் அவளுடைய சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு, நகல் எடுக்க பைக்கைக் கிளப்பினார்.

தோற்றவளை எதற்குப் படிக்க அனுப்புகிறார்? அக்கா சொன்னது அவர் காதில் சரியாக விழவில்லை என்றே நினைத்தேன். யாராவது எடுத்துச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிடுவார்களோ என்று, அவள் பஸ் ஏறும்வரை பயந்துகொண்டே இருந்தேன்.